தம்பி பேசிய வீடியோ கால்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைகளால்தான் பேசுவான். மேலப்பாளையத்தில் ஒரு தையல் கடையில் அவனுக்கு வேலை. வீட்டில் அவன் சொல்வது முழுதாகப் புரிந்தது அக்காவாகிய எனக்கு மட்டும்தான். உம்மாவுக்குப் பாதி புரியும். வாப்பாவுக்கு அதுவும் இல்லை.

அவனுக்குக் காயல்பட்டினத்தில் பெண் பார்த்தோம். அவளுக்கும் காது கேட்காது. பார்க்கப் போன அன்று, அத்தனை பேருக்கு நடுவில் இருவரும் கையை மடியைவிட்டு எடுக்கவே இல்லை. மறுநாள் பெண் வீட்டிலிருந்து செய்தி வந்தது: மனம்விட்டுப் பேசிப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வாளாம். நான் பக்கத்தில் இருக்க, வீடியோ காலில் பேசட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

எங்கள் தெரு நெருக்கமானது. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. அவள் கையைத் தூக்குவாள், படம் அப்படியே உறைந்துவிடும். மீண்டும் அசையும்போது வேறெதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். நமக்குப் படம் நின்றாலும் குரலாவது கேட்கும். அவர்களுக்குப் பேச்சே நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் முழுக்க வயர் இல்லாத இணையம் தருகிறோம் என்று வீடு வீடாக ஆட்கள் வந்தார்கள். மொட்டைமாடியில் சின்ன டிஷ் வைத்தால் போதுமாம். விலையைக் கேட்டதும் வாப்பா எழுந்துவிட்டார்.

“டிஷ்ஷுக்கு ஒரு தொகை, பொறவு மாசாமாசம் வேற கட்டணுமாம்லா! காசென்ன மரத்துலயா காய்க்குது?”

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, முன்னால் வந்து நின்று, பைக் ஓட்டுவதுபோல் கையை முறுக்கிக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் உதறினான். பைக் வாங்கச் சேர்த்த பணம் இருக்கிறது, பைக் வேண்டாம் என்கிறான். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சரி, வந்து மாட்டச் சொல்லு,” என்றார் வாப்பா என்னைப் பார்க்காமல்.

மாட்ட வந்தவர் மாடியேறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டிஷ்ஷுக்கு நேரே தெரிய வேண்டிய டவரைப் பக்கத்து வீட்டு மாடி மறைத்தது. அந்த வீட்டு மாமி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க மாடியிலேயே வச்சுக்கிடுங்க. எம் மவன் சவூதியில கெடக்கான். அப்பப்ப அவன் மூஞ்சிய போன்ல காட்டுனாப் போதும்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் கால் போட்டோம். படம் தண்ணீர்போல் ஓடியது! தம்பி கை பறந்தது. அவள் கை அதைவிட வேகமாகப் பறந்தது. எனக்கே பாதிதான் பிடிபட்டது. கொஞ்ச நேரத்தில் இருவர் முகமும் சிவந்தது.

உம்மா எட்டிப் பார்த்தார். “என்னட்டி, சண்டை போடுதாங்களா?”

“ஆமா உம்மா. கல்யாணத்துக்குப் பொறவு எந்த ஊர்ல இருக்கணும்னு.”

காயல் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவள் கட்சி. கடையை எப்படி விடுவது என்பது இவன் கட்சி. சம்பந்தம் இத்தோடு முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் நான் வாசலில் நிற்கும்போது அவள் உம்மா போன் செய்தார்.

“மாப்பிள்ளை எதையும் மறைக்காமச் சொல்லுதாருன்னு மவளுக்குப் பிடிச்சுப்போச்சு!”

நான் வீட்டுக்குள் ஓடிய ஓட்டத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நிக்காஹ் முடிந்து தம்பி காயலுக்கே போய்விட்டான். அங்கே சொந்தமாகத் தையல் மெஷின் போட்டிருக்கிறான். உம்மா தினமும் போன் முன்னால் உட்கார்ந்து மருமகளிடம் கைமொழி கற்கிறார். நேற்று இருவரும் என்னைக் காட்டி, எனக்கே தெரியாத சைகையில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு உம்மா சொல்லவே இல்லை.