கிரைண்டரைச் சுற்றி மூன்று சுற்று

அடுத்தவர் வீட்டு நாய் எப்படி வீட்டோடு தங்கியது என்று தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டு வாருங்கள். பொங்கி வழிந்த பிறகு என் மேல் பழி போடக்கூடாது. தெருவில் நான் சொல்லி வைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. நடந்ததுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

எங்கள் வீடு கோவளத்தில், ஈசிஆர் ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் இருக்கிறது. நானும் என் மகளும் மட்டும்தான். மகளுக்குத் திருப்போரூரில் ஆபீஸ் வேலை. பகலெல்லாம் நான் தனியாகக் கிடக்கிறேன் என்று அவளாகவே முடிவுசெய்து, ஒரு புதன்கிழமை மதுராந்தகத்துத் தோழி வீட்டிலிருந்து இரண்டு மாதக் குட்டி ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறம். ஒரு காது மட்டும் கறுப்பு.

"எனுக்கு நாயி வோணும்னு நான் கேட்டனா?"

"நீ டிவி கூட பேசிகினு கீறம்மா. அதுக்கு இதுகூட பேசலாம்."

"டிவி தரையில மூத்திரம் போவாதுடி."

இப்படிச் சொன்னவள் நான்தான். மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனதும் பெட்டிக்குள் கையை விட்டேன். அது என் கட்டைவிரலை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. என் வீறாப்பு அதோடு முடிந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஆனால் குட்டி எதையும் தின்னவில்லை. பால் வைத்தேன், ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன், காரமில்லாமல் மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு மூலையில் மூக்கைச் செருகிக்கொண்டு நடுங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன்," என்றாள் மகள். "துன்னலன்னா அதோட அம்மாகிட்டயே கொண்டுபோய் வுட்டுடுவேன். பட்னி போட்டு சாவடிக்கவா இட்டாந்தேன்?"

"அதான் நல்லது," என்றேன். வாய்தான் சொன்னது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோழியோ பூனையோ நாயோ புதிதாக வந்தால், அதைத் தூக்கிக்கொண்டு உரலை மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். கல் இருக்கிற இடம்தான் வீடு என்று அதற்குப் பதிந்துவிடுமாம். எங்கள் உரலை வீடு மாறும்போதே கொடுத்துவிட்டோம். கிரைண்டராவது உண்டா என்றால், மோட்டார் புகைந்து ரிப்பேர் கடையில் கிடந்தது. அப்போது சமையலறைத் தரையில் கோணி மேல் இருந்தது, நாலு வீடு தள்ளிப் பச்சை கேட் போட்ட பாய் வீட்டிலிருந்து வாங்கி வந்த இரவல் கிரைண்டர். அதற்குள்ளும் கல்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காத மூளை, ஓட ஆரம்பித்தால் குறுக்குச் சந்தில்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கடைக்குப் போன நேரம். மாவு அரைத்து அப்போதுதான் வழித்திருந்தேன். குட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அதன் மூக்கு கிரைண்டரில் பட்டது. பாத்திரத்தின் விளிம்பில் வழிந்திருந்த உளுந்து மாவை நாக்கை நீட்டி நக்கியது. இன்னொரு நக்கு. பிறகு நான் இழுத்தாலும் வரவில்லை. மூன்று நாளில் அது தின்ற முதல் தீனி அதுதான். வயிறு நிறைந்ததும், ஓடி முடித்த மோட்டார் சூட்டுக்குப் பக்கத்திலேயே கோணி மேல் சுருண்டு தூங்கிவிட்டது. நடுக்கம் நின்றிருந்தது.

நானும் அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது.

போன வருஷம் தெருநாய் ஒன்று பச்சை கேட் வீட்டுப் பக்கெட்டில் வாய் வைத்துவிட்டது. அந்த வீட்டம்மா அதை மண் போட்டுத் தேய்த்து, திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் தெருவில் அவர்கள் மதிலோரம் நின்றுகொண்டு, "பக்கெட்டுக்கு இன்னா, கல்யாணமா?" என்று கிண்டல் செய்தேன்.

"நாயி வாய் வெச்சா ஏழு தபாக்கா. அதுல ஒரு தபா மண்ணு போட்டு கழுவணும். எங்க மார்க்கத்துல அப்டி."

ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. எப்போதும் போல ஒரு தடவை கழுவித் துடைத்து வைத்தேன். காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். "நாளைக்கு பேத்திய பொண்ணு பாக்க வராங்கக்கா. அரிசி ஊற வெச்சுகீறேன்," என்றாள். நான் வாயைத் திறந்தேன். "பாத்து தூக்குங்க," என்பதுதான் வந்தது. அவர் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டார். அவள் கோணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். மூட மறந்தேன்.

பதினோரு மணிக்குப் பெட்டியைப் பார்த்தால் குட்டி இல்லை. சனிக்கிழமை மகள் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள்.

கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில், பாத்ரூமில் எங்கும் இல்லை. ஈசிஆருக்கு ஓடினேன். அந்த ரோட்டில் பஸ்ஸும் காரும் போகிற போக்கில் பெரிய மாடே தப்பிக்காது. எதிர்ப்பக்கம், ரோட்டின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ அசையாமல் கிடந்தது. இரண்டு பஸ் போகிறவரை அந்தப் பக்கம் தெரியவில்லை. கடந்து போய்க் குனிந்து பார்த்தேன். தேங்காய் மட்டை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீன் விற்கிற பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். "இன்னா ஆயா, செருப்புகூட இல்லாம ஓடியார? கொயந்த எதுனா காணமா?"

"நாய்க்குட்டி."

"நாய்க்குட்டிக்கா இப்டி மூச்சு வாங்குது?"

"என்து இல்ல, எம் பொண்ணோடது," என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் எனக்குத்தான் வேலை செய்தது.

திரும்பி வந்து சந்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன், படகு நிறுத்துகிற இடம் வரைக்கும் போய்க் கேட்டேன். பச்சை கேட்டை மட்டும் மூன்று தரம் தாண்டிப் போனேன், மூன்று தரமும் தலையைக் குனிந்துகொண்டு. நாலாவது தரம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யக்கா, உன் வூட்டு ஆளு இங்க கீது. போன் போட்டா எடுக்க மாட்டன்ற?"

போன் வீட்டில் கிடந்தது. உள்ளே போனேன். வராந்தாவில் கிரைண்டர். அதன் அடியில் அதே கோணி. அதன் மேல் கறுப்புக் காதைப் போர்த்திக்கொண்டு என் குட்டி. உயிரோடுதான் இருந்தது.

அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அவள் ஊறிய அரிசியை வடித்து, இரண்டு கையிலும் ஏந்திக் கிரைண்டருக்கு மேலே கொண்டுவந்துவிட்டாள்.

"காஞ்ச நாயி காஞ்ச எடத்துல பட்டா ஒண்ணுமில்லக்கா," என்று எனக்கே சமாதானம் சொன்னாள். "இன்னாமோ தெரில, இத வுட்டு நவுர மாட்டன்து."

"போடாத," என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. ஒன்று விடாமல் சொன்னேன். சுற்றியது, நக்கியது, ஒரு தடவை கழுவியது, காலையில் வாயை மூடிக்கொண்டது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளோடு பதினைந்து வருஷப் பழக்கம்.

"காலைலியே சொல்லிகலாமே."

"வாய் வர்ல தங்கச்சி."

"யாருக்கு? உனுக்கா?" அரிசியைத் திரும்பக் குண்டானில் போட்டாள். "மல்லிச் செடியாண்ட சுத்தமான மண்ணு கீது. அள்ளினு வா. நீதான் கழுவணும். நான் எண்ணுவேன்."

பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் பாத்திரத்தையும் கல்லையும் கழற்றி வைத்துக்கொண்டு, மண் போட்டுத் தேய்த்து ஆரம்பித்தேன். இடுப்பு விட்டுப்போனது.

"அஞ்சு ஆச்சு," என்றேன்.

"நாலு."

ஏழு முடிந்தபோது கோணியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "இதயும் எட்துனு போ. எனுக்கு வாணாம். அது இதுலதான் தூங்குது, பாக்கல?" சிரிப்பை அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சமையலறையில் கிரைண்டர் இருந்த அதே இடத்தில் கோணியை விரித்தேன். குட்டி தானாகவே ஒரு வட்டம் போட்டுப் படுத்தது. இட்லியைப் பாலில் நசுக்கி, விரலில் எடுத்துக் கொடுத்தேன். விரலை நக்கியது. அப்புறம் தட்டுக்கு வந்தது.

இரண்டு மணிக்கு மகள் வந்தாள். "துன்னுச்சா?"

"எனுக்கு இன்னா தெரியும். உன் நாயி, நீ பாரு."

தட்டைப் பார்த்தாள். என் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். மறுநாள் யாரும் மதுராந்தகத்துக்குப் போகவில்லை.

ஆனால் நான் அடுத்தவர் வீட்டு கிரைண்டரை மண் போட்டுத் தேய்த்ததை மாடியிலிருந்து சந்தே பார்த்திருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள். இன்னா விஷயம், இன்னா வேண்டுதல் என்று. நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்:

"புது நாயி வூட்ல தங்கணும்னா கிரைண்டர மூணு சுத்து சுத்தணும். அப்பறம் அதே கிரைண்டர மண்ணு போட்டு ஏழு தபா கழுவணும். பின்னாடி கீற பாதிய வுட்டீங்கன்னா, நாயி கல்லு பின்னாலயே பூடும். நம்பலன்னா பச்ச கேட்டாண்ட போய் கேளுங்க. எண்ணது அவதான்."