மூன்று நாள் பத்தியம்

மும்தாஜ் டீச்சர் போய்விட்டாள் என்ற சேதி மூன்றாவது பீரியடில், எட்டாம் வகுப்பில் நான் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. பேசியது அவள் மகள். "உம்மா மவுத்தாயிட்டாவ டீச்சர்" என்றாள். அழவில்லை. போனை வைத்துவிட்டாள். பலகையில் பாதி எழுதியிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். கடையநல்லூரில் அவள் வீட்டுக்குப் போனபோது முகத்தைப் பார்க்க விட்டார்கள். போர்த்தியிருந்த துணி வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. அந்தக் காலை எடுத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மறுநாள் தென்காசியில் நம் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. வந்திருந்த உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். உணவாலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர், நமக்கெல்லாம் உதாரணம் என்று தலைமையாசிரியர் பேசினார். இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு ஸ்டாஃப் ரூமில் டீ வந்தது. நம்மில் ஒருத்தி, பெயர் வேண்டாம், டீ கொண்டுவந்த அம்மாளிடம் சொன்னாள்: "இனிமே எனக்குச் சீனி போட்டே கொண்டாங்க. அவ்ளோ வாயக் கட்டுனவளே போய்ட்டா, நாம எதுக்குக் கெடந்து சாவணும்?" கூட இருந்த நாலு பேர் தலையை ஆட்டினீர்கள். எல்லோரும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருக்க வேண்டும். தைரியம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மும்தாஜ் வாயைக் கட்டவில்லை. வருடத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு மூன்று நாள் கட்டினாள். அந்த வழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் சர்க்கரை வந்தது. நான் ஒரு வாரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவள் அறிவியல் டீச்சர் அல்லவா, டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்து, பெரிய சார்ட் தாளில் ஒரு தட்டு வரைந்தாள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன். ஸ்டாஃப் ரூம் பீரோவில் இப்போதும் ஒட்டியிருப்பது அதுதான். மத்தியானமானால் ஒவ்வொருத்தர் டிபன் பாக்ஸையும் எட்டிப் பார்ப்பாள். "இது தட்டா, நெல்லு காயப்போடுத களமா?" என்பாள். நான் ஒருநாள் பெருமையாகக் கேப்பைக் களி கொண்டுபோனேன், உருண்டை உருண்டையாக. "கேப்பைன்னா எவ்வளவும் திங்கலாம்னு ஒனக்கு யாருட்டி சொன்னா? அதுவும் மாவுதான்" என்று பாதியை எடுத்து மூடியில் வைத்தாள். எனக்கு மானம் போனது.

முதல் ஆறு மாதம் அவள் சொன்னபடியே சாப்பிட்டாள். ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. அப்புறம் வீடு அவளை விடவில்லை. கணவர் துபாயில். இங்கே மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று பதினோரு பேர். தனக்கென்று தனியாகக் காய் வைக்க நேரமும் இல்லை, கேட்க வாயும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சுவதுதான் அவள் சாப்பாடு. எந்த வீட்டிலும் காய் மிஞ்சாது, சோறுதான் மிஞ்சும். அடுத்த பரிசோதனை நெருங்கியதும் டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று என்னிடம் வந்து அழுதாள்.

நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏட்டி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாம என்ன செய்யுதோம்? மூணு நாளைக்கு முன்னாலதானே எல்லாத்தையும் சரி பண்ணுதோம்? இதுக்கும் அப்படிச் செய்யி" என்றேன்.

அதிகாரி வரப்போகிறார் என்றால் நாம் என்ன பாடுபடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். வருடம் முழுவதும் திருத்தாத நோட்டை ஒரே மூச்சில் திருத்துவோம். ஒட்டடை அடிப்போம். கேட்கப்போகிற கேள்விக்குப் பதிலைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைப்போம். அதிகாரி பாராட்டிவிட்டுப் போவார், மறுநாள் பழைய குப்பை. அந்தப் புத்தியை ரத்தத்திடமும் காட்டினோம். மூன்று நாள் கீரை, மோர், கொஞ்சம் சுண்டல். நாலாம் நாள் ரத்தம் எடுக்க ஊசி. அளவு அழகாக வரும். டாக்டர் அவளை மெச்சுவார், மாத்திரையைக் கூட்டாமல் விடுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இன்னொரு பரிசோதனை உண்டு, அதையும் எடுத்து வாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுப்பார். அதில் மூன்று நாள் வேஷம் செல்லாது. அது அறிவியல் டீச்சருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "அடுத்த தடவ பாப்போம்" என்பாள். நானும் அதையே சொன்னேன். எனக்கும் அதே மூன்று நாள்தானே!

ரிசல்ட் வந்த பிறகு வரும் சனிக்கிழமை எங்களுக்குத் திருநாள். குற்றாலத்தில் ஒரு குளியல், அப்படியே பஸ் ஏறிப் புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் புரோட்டாவும் கோழியும். அங்கே எங்களைத் தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள். கடைசியாகப் போனது போன சாரல் சீசனில். காலில் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கிறது என்று சில மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரப் பாறையில் வெறுங்காலோடு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். புளியறைக் கடையில் இலை போட்ட பிறகுதான் மேஜைக்கு அடியில் பார்த்தேன். அவள் செருப்பு முழுக்க ரத்தம். பாதத்தில் உடைந்த பாட்டில் துண்டு ஒன்று ஏறியிருந்தது. "வலிக்கவே இல்லையே" என்றாள். சிரித்தாள். நான் துண்டைப் பிடுங்கி, கைக்குட்டையால் கட்டிவிட்டேன். அதன் பிறகு நாங்கள் சாப்பிட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.

அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் ஒரு விரல் போனது. பிறகு பாதம். பிறகு முழங்கால் வரை. ஆஸ்பத்திரியில் அந்த மூன்று மாதப் பரிசோதனையை அவளைக் கேட்காமலே எடுத்தார்கள். ஏழுக்குள் இருக்க வேண்டியது பன்னிரண்டு. இத்தனை வருடம் நல்ல ரிசல்ட்டாகவே வைத்திருந்த ஃபைலை டாக்டர் திரும்பத் திரும்பப் புரட்டினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "சார்ட்டுல ஒரு தப்பும் இல்லட்டி. அத எழுதுனவதான் பொய்யி. எல்லாரும் நான் ஒழுங்கா இருந்தேம்னு நெனைக்காவ. நீ சொல்லிரு."

"நீயே எந்திரிச்சு வந்து சொல்லு" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு. உண்மையில் நான் தப்பித்துக்கொண்டேன். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, அதிலிருந்து ஐந்தாம் நாள் பேச்சு நின்றது. அவள் எழுந்து வரவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள், எந்தப் பத்தியமும் இல்லாமல், எப்போதும் தின்பதைத் தின்றுவிட்டுப் போய் அந்தப் பரிசோதனையை எடுத்தேன். பத்து புள்ளி ஒன்று. டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் வரைந்த தட்டின்படி இன்றோடு பதினெட்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன், யாரும் பரிசோதிக்க வராத பதினெட்டு நாள். மும்தாஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டும், அவள் சொல்லச் சொல்லி நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும்தான்.

நேற்று அவள் மகளிடம் போய், பீரோவில் ஒட்டுவதற்கு அந்தப் பன்னிரண்டு வந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டேன். "ஒட்டுங்க டீச்சர், உம்மா எங்கிட்டயும் சொன்னாவ" என்று எடுத்துக் கொடுத்தாள். பீரோவில் அந்தச் சார்ட்டுக்குக் கீழே இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவளுடையது பன்னிரண்டு, என்னுடையது பத்து புள்ளி ஒன்று. இரண்டிலும் பெயர் தெளிவாகத் தெரியும். டீக்குச் சீனி கேட்ட டீச்சர், நாளைக்கு வந்ததும் முதலில் அதைப் படி. படித்துவிட்டு அப்புறம் சீனி கேள்.