இருபத்தேழு மொட்டையும் ஒரு மோட்டாரும்

அம்மா போய் எழுபத்தொரு நாள் ஆகிறது. பெயர் துகினெம். ஊருக்கு இபு நெம், அதாவது நெம் அம்மா. கெபுமென் என்ற ஊரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தில் முப்பத்திரண்டு வருடம் சமையல் செய்தாள். முடி வெட்டியதும் அவள்தான். ஆடுகிற பல்லைப் பிடுங்கியதும் அவள்தான்.

நான் பம்ப் மெக்கானிக். எழுதிப் பழகியது சர்வீஸ் ரிப்போர்ட் மட்டும். என்ன பழுது, யார் காரணம், இப்போது ஓடுகிறதா. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பழுது: 1991 ஜூலையில் இல்லத்துக் கிணற்று மோட்டார் எரிந்தது. காரணம்: நான்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. தொழிற்பள்ளியில் முதல் வருடம், மின்சாரப் பிரிவு. அப்பா ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலையில் இருந்தார். சமையலறைக்குப் பின்னால் இரண்டு அறையில் நாங்கள் மூன்று பேர். முன்பக்கம் இருபத்தேழு பையன்கள். அம்மா நாலு மணிக்கு எழுந்து அரிசி களைவாள். பையன்கள் தொழுதுவிட்டு வந்து குளியலறை வாசலில் அடித்துக்கொள்வார்கள். சோறு, கீரை, பொரித்த தெம்பே என்ற சோயாத் துண்டுகள். தெம்பேயை எண்ணி வைக்க மாட்டாள். தட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து வைப்பாள். முதல் நாள் அழுதவனுக்கு இரண்டு. இது தெரிந்த பிறகு முதல் நாள் அழுகிறவர்கள் கூடிப்போனார்கள்.

மற்றதெல்லாம் கொடுப்பவர்கள் கையில். அவர்கள் நல்லவர்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை, அதுதான் சிக்கல். ஒருவர் அறுபது ஜோடி செருப்பு கொடுத்தார். எல்லாம் பெரிய ஆள் அளவு. ஒரு வருடம் முழுக்கப் பையன்கள் வாத்து மாதிரி நடந்தார்கள். மற்ற எல்லாரும் நூடுல்ஸ் பெட்டி கொடுத்தார்கள். அம்மா நூடுல்ஸை முட்டையில் போட்டாள், குழம்பில் போட்டாள், மாவில் தோய்த்துப் பொரித்தாள். ஒருமுறை வெல்லப்பாகில் போட்டுப் பார்த்தாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை.

பிறந்தநாளை இல்லத்தில் வந்து கொண்டாடும் பழக்கமும் உண்டு. கேக் வெட்டுவார்கள், பையன்கள் பாட்டுப் பாடி, துஆ ஓதி வேண்டிக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேருக்குப் பிறந்தநாள் வந்தது. அம்மா பையன்களைச் சமையலறையில் நிறுத்தினாள்.

"மூணாவது கேக்குதான். ஆனா ஒருத்தனும் மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. கேக்கையே கண்ணால பாக்காதவன் மாதிரி நிக்கணும், புரியுதா?"

வாஹிப் கையைத் தூக்கினான். பத்து வயது, முன்பல் இல்லை. "இபு, 'இது என்ன?'ன்னு கேக்கட்டுமா?"

"ரொம்ப நடிக்காதடா. வாயத் தொறந்து வெச்சாப் போதும்."

அவன் கேட்டுவிட்டான். பிறந்தநாள்காரப் பெண்மணி தேம்பி அழுதார். மறுநாள் இன்னொரு கேக் அனுப்பினார்.

இனி மோட்டார். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்த மோட்டாருக்கு ஒரு பாதுகாப்புச் சாதனம் உண்டு. சூடானால் தானாக நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று நான் அதைக் கழற்றினேன். கழற்றியதும் நிற்காமல் ஓடியது. பெருமையாக இருந்தது. பந்து விளையாடப் போனேன். திரும்பி வந்தபோது சீல் உருகி, கம்பிச்சுருள் கருகி, பாக் சர்பினி வாளியுடன் நின்றிருந்தார். வாளியில் தண்ணீர் இல்லை.

பாக் சர்பினி, அதாவது சர்பினி ஐயா, இல்லத்தின் பொறுப்பாளர். ஓய்வுபெற்ற வாத்தியார். எதற்கெடுத்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அன்றிலிருந்து பள்ளிவாசல் கிணற்றில் இறைத்து வாளியில் சுமந்தோம். பையன்கள் பாதியை வழியில் கொட்டினார்கள். மீதிப் பாரம் அம்மாவுடையது. இரண்டு வாளி, ஒரு நாளுக்கு முப்பது நடை. மூன்றாவது வாரம் அவளுடைய வலது தோள் இறங்கிப்போய், அரிசிப் பானையை இடது கையால் தூக்கினாள். மழை வர நவம்பர் ஆகும். அதுவரை அந்தத் தோள் தாங்காது என்பது எனக்குத் தெரிந்தது.

ஒரே நம்பிக்கை ஹாஜி துல்மனன். ஓட்டுச் சூளைக்காரர், ஊரில் பாதிக் கூரை அவருடையது. முஹர்ரம் பத்தாம் நாள் எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பெருநாள். அன்று பெரியவர்கள் வந்து பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுப்பார்கள். கை படுகிற ஒவ்வொரு முடிக்கும் ஒரு நன்மை என்று நம்பிக்கை. ஹாஜி அந்த நாளைத் தவறவிட்டதே இல்லை. மற்றவர்கள் தொட்டுவிட்டு நகர்வார்கள். அவர் நெற்றியில் ஆரம்பித்துப் பிடரிவரை போய், விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வருவார். சுருட்டைமுடிக்காரன் முன்னால் கூடுதல் நேரம் நிற்பார். மோட்டார் வேண்டும் என்று பாக் சர்பினி கேட்டபோது, "பத்தாம் நாள் வர்றேன், புள்ளைங்களைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த ஊர் இல்லமும் அவரிடம் கூரை கேட்டிருந்தது.

குளிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே பேன். ஒரு தலையில் ஆரம்பித்து ஒரே வாரத்தில் இருபத்தேழுக்கும் பரவியது. முஹர்ரம் எட்டாம் நாள் காலை அம்மா முடிவெடுத்தாள். முதலில் கைமெஷின், பிறகு சவரக்கத்தி. மதியத்துக்குள் இருபத்தேழும் முடிந்தது.

பாக் சர்பினி சந்தையிலிருந்து வந்தார். முற்றத்தில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் நெஞ்சைப் பிடித்தார்.

"இபு நெம்! என்ன காரியம் பண்ணிட்டீங்க! நாளான்னிக்குப் பத்தாம் நாள்!"

"தெரியும் பாக். அதனாலதான் செஞ்சேன். ஹாஜி கையில பேன் ஏறிச்சுன்னா?"

"ஏறினா ஏறட்டும்! முடி இல்லாம அவர் எதைத் தடவுவாரு? அந்த ஊர்ப் பசங்க ஒவ்வொருத்தனும் காடு மாதிரி வெச்சிருக்கானுங்க!"

அம்மா கத்தியைத் துடைத்தாள். முகம் மாறியது. பேனைப் பற்றி யோசித்தவள் முடியைப் பற்றி யோசிக்கவில்லை.

பாக் சர்பினி விடவில்லை. கெமிரிக் கொட்டை எண்ணெய் தேய்த்தால் முடி வளரும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாளில் எவ்வளவு வளரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு போத்தல் வாங்கி வந்து தானே தேய்த்தார், காலை, மதியம், மாலை. முடி வளரவில்லை. தலைகள் பளபளத்தன. ஒன்பதாம் நாள் சட்டிக்கரியைக் குழைத்துக் கொண்டுவந்தார்.

"லேசாப் பூசினா தூரத்துல இருந்து முடி மாதிரியே இருக்கும்."

"அவரு தூரத்துல இருந்தா தடவப் போறாரு?" என்றாள் அம்மா.

அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. இல்லத்தில் முடி உள்ள தலை என்னுடையது மட்டும். நெற்றி மறைய வளர்த்திருந்தேன். தினமும் நாற்பது நிமிடம் அதற்காகச் செலவழித்தேன்.

"தர்முஜியை முதல்ல நிறுத்துவோம். ஹாஜி மனசு குளிர்ந்துடும். அப்புறம் மத்ததெல்லாம் வேகமா ஓடிடும்."

"இவனுக்கு அப்பா இருக்காரு பாக். கேட்டுல கொடி காட்டிட்டு நிக்கிறாரு."

"ஹாஜிக்கு அது தெரியாதே!"

"அல்லாவுக்குத் தெரியுமே."

"மோட்டார் வேணுமா வேணாமா, இபு நெம்? உங்க தோளைப் பாருங்க!"

அம்மா தோளைத் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தர்முஜி, இங்க வா. உக்காரு" என்றாள். கையில் மெஷின்.

"மா, எனக்குப் பேனே இல்ல!"

"தெரியும். இது பேனுக்கு இல்ல. பாக் சர்பினிக்கு."

இருபத்தெட்டாவது தலை முடிந்தது. பையன்கள் கைதட்டினார்கள். வாஹிப் என் தலையைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்ல, சத்தம் கேக்குது" என்றான்.

பத்தாம் நாள். ஹாஜி துல்மனன் வெள்ளை அங்கியில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு பேர் நூடுல்ஸ் பெட்டி சுமந்து வந்தார்கள். இறக்கி வைக்க நான் போனேன். பையன்கள் வரிசையில் நின்றார்கள். துஆ முடிந்தது. பாக் சர்பினி கடைசி நிமிடம் வரைக்கும் கழற்றவிடாமல் வைத்திருந்த தொப்பிகளை, வேறு வழியில்லாமல், கழற்றச் சொன்னார்.

ஹாஜி தூக்கிய கையை அப்படியே நிறுத்தினார்.

"சர்பினி, என்னய்யா இது? தர்பூசணித் தோட்டமா?"

பாக் சர்பினி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாஹிப் வாயைத் திறந்து வைத்தான், கையையே கண்ணால் பார்க்காதவன் மாதிரி.

அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "நான்தான் பாக் ஹாஜி. பேன் வந்துடுச்சு, சிரைச்சுட்டேன். தண்ணி இல்ல, அதனால பேன். மோட்டார் இல்ல, அதனால தண்ணி இல்ல."

"அது சரிம்மா. ஆனா நான் வந்த காரியம்?"

"அதுக்கென்ன குறை? வெட்டத்தானே செஞ்சேன், பிடுங்கலையே. நீளம்தான் போச்சு. எண்ணிக்கை அப்படியே இருக்கு."

இது தொழில்நுட்ப ரீதியாகச் சரி. தலைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. இருபத்தேழு லட்சத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஹாஜி யோசித்தார். முதல் தலையில் உள்ளங்கையை வைத்தார். இரண்டு நாள் முளை. இழுத்துப் பார்த்தார்.

"குத்துது."

"குத்துதுல்ல? இல்லாதது எப்படிக் குத்தும்?"

ஹாஜியின் முகம் தெளிந்தது. அங்கியின் கையை மடித்தார். ஆரம்பித்தார். எண்ணெயில் கை வழுக்கியது, முளையில் தடைபட்டது, மறுபடி வழுக்கியது. நீள முடியில் விட்டுப்போகும் இடங்கள் இதில் விட்டுப்போகவில்லை என்று அவரே சொன்னார். சுருட்டைமுடிக்காரன் முன்னால் வழக்கம்போலக் கூடுதல் நேரம் நின்றார். பையன்களுக்குக் கூச்சம் தாங்காமல் வரிசை நெளிந்தது. ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், அது இருபத்தேழு பேருக்கும் பரவியது, பேனைவிட வேகமாக. எண்ணெயை அங்கியில் துடைத்துத் துடைத்து வயிற்றுப் பக்கம் மஞ்சளானது. நான் வரிசையின் கடைசியில் பெட்டியோடு நின்றிருந்தேன். போகிற வேகத்தில் என் தலையையும் தடவிவிட்டார்.

"பாக் ஹாஜி, அது வேண்டாம்!" என்று அம்மா ஓடி வந்தாள். "அது என் பையன். அவனுக்கு அப்பா இருக்காரு."

"தடவியாச்சேம்மா."

"கழிச்சுக்குங்க."

"எப்படிம்மா கழிக்கிறது?" ஹாஜி உண்மையாகவே கையைப் பார்த்தார். "தகப்பன் இருக்கான், இல்லத்துப் பையனும் இல்ல. அப்புறம் இவனுக்கு எதுக்கு மொட்டை?"

பாக் சர்பினி அவளுக்குப் பின்னால் நின்று வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"இவனை வரிசையில விட்டு உங்களை ஏமாத்திடக் கூடாதுன்னு. அதோட, மோட்டாரை எரிச்சதும் இவன்தான். புதுசு குடுத்தா இதுவும் தெரிஞ்சு குடுங்க."

பாக் சர்பினி கண்ணை மூடிக்கொண்டார். நூடுல்ஸ் பெட்டி என் கையில் கனத்தது. ஹாஜி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் சூளையிலும் இப்படி யாரோ எதையோ எரித்திருக்க வேண்டும்.

"எரிச்சவனே மாட்டட்டும்" என்றார். "மாட்டிட்டு அவனே பாத்துக்கட்டும். மறுபடி எரிச்சான்னா நான் சிரைக்க வருவேன். தலையை இல்ல, தோலை."

திங்கட்கிழமை ஓட்டு லாரியில் மோட்டார் வந்தது. நான் மாட்டினேன். பாதுகாப்புச் சாதனத்தைத் தொடவில்லை. சாயங்காலம் தொட்டி நிரம்பியதும் அம்மா முதல் வாளியைப் பிடித்து, குனிந்து, தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். உடுத்தியிருந்த துணியோடு. பையன்கள் கத்தினார்கள். தோள் குணமாக இரண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு இந்த முப்பத்து நாலு வருடத்தில் அந்தக் கிணற்றுக்கு மூன்று மோட்டார் மாற்றியிருக்கிறேன். எதுவும் எரியவில்லை. அப்பா ஆறு வருடம் முன்பு போனார். இந்த வருடம் அம்மா.

நாற்பதாம் நாள் துஆவை இல்லத்து முற்றத்தில்தான் வைத்தோம். அந்த இருபத்தேழில் பத்தொன்பது பேர் வந்தார்கள். வாஹிப் புர்வகெர்த்தோவில் கேக் கடை வைத்திருக்கிறான். ஆறு கேக் கொண்டுவந்தான். இப்போது இருக்கும் பையன்கள் எல்லாரும் வாயைத் திறந்து நின்றார்கள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

துஆ முடிந்து நான் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைமெஷின் இப்போது என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன். வெட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நாற்பது வயதிலேயே தானாக உதிர்ந்துவிட்டது.

வாஹிப் பின்னால் வந்து என் தலையில் கையை வைத்தான். நெற்றியில் ஆரம்பித்தான். பிடரிவரை போனான். விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வந்தான்.

"என்னடா பண்ற?"

"இப்ப நீயும் வரிசையில வந்துட்டல்ல."

"நாப்பத்தொம்பது வயசுடா எனக்கு. கணக்குல வராது. அதோட ஒரு முடிகூட இல்ல. குத்துதா பாரு."

"குத்தல" என்றான். கையை எடுக்கவில்லை. "பரவாயில்ல. கழிச்சுக்கச் சொல்லத்தான் இபு நெம் இல்லையே."

குழாய் திறந்தபடியே இருந்தது. வெகு நேரம் நான் அதை மூடவில்லை. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

இப்போது ஓடுகிறதா: ஓடுகிறது.