மொப் ஹெட் எடுக்க வந்த சிவபாதம் அண்ணை

சிவபாதம் அண்ணை போயிட்டார்… காலமை அவற்ற மகன் போன் எடுத்துச் சொன்னவன்.

நான் சொல்லச் சொல்ல என்ர மகள் இதை டைப் பண்ணுறாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இவ்வளவு காலம் மறைச்சாச்சு, இனி மறைக்கவும் களைப்பா இருக்கு.

அவரும் நானும் கனடாவில, ஸ்காபரோவில ஒரு கொலிஜில கிளீனிங் வேலை. நான் மல்வேர்னில இருந்து ரெண்டு பஸ், அவர் வோபர்னில இருந்து ஒரே பஸ். அதுக்கும் புறுபுறுப்பார்… "கிட்ட இருக்கிறவனுக்குத்தான் ஐசே பஸ் பிந்தும்."

நான் சேரேக்க அங்க பழைய கட்டிடங்கள்தான். ஃபக்டறி மூடி வேலை போன ஆக்கள், கைப்பிள்ளைக்காரியள், புதுசா வந்து இறங்கின எங்கட சனம்… வெல்டிங் படிக்கவும் நேர்சிங் படிக்கவும் வருவினம். பிறகு கண்ணாடிக் கட்டிடம் வந்தது. பிறகு பஞ்சாப் பிள்ளையள் வந்து கோரிடோரில நடக்க இடமில்லை. இப்ப கோர்சுகளை மூடுறாங்களாம், வகுப்புகள் வெறுமையாக் கிடக்காம்.

என்னட்டைக் கேட்டா என்ன… நான் தரை மினுக்கினவன்.

கட்டிடங்களுக்குப் பேர் ஏ, பி, சி, டி, ஈ. அந்தக் கொலிஜில நான் படிச்சது அந்த அஞ்சு எழுத்துத்தான்.

காலமை ஏழு மணிக்கு சூப்பர்வைசர் ஒவ்வொருத்தற்ற வண்டிலிலயும் ஒரு கடுதாசி வைப்பான். அண்டைய வேலை முழுக்க அதில. சிவபாதம் அண்ணை தன்ரயை விட்டிட்டு என்ர கடுதாசியைத் தூக்குவார்.

"பாரும் ஐசே உவன்ர கொழுப்பை! சி மூண்டாம் மாடியில கோப்பி ஊத்துண்டு கிடக்காம். குடிக்கிறவன் ஊத்துவானாம், நாங்கள் துடைக்கோணுமாம். பத்து மணிக்கு முதல் வேணுமாம், மாப்பிள்ளைக்கு!"

ஒரு வரி விடாமல் திட்டி முடிப்பார். நான் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவன்.

ஒருநாள் லஞ்ச் றூமில ஆரோ பகிடி விட்டினம். "ஏன் சிவபாதம் அண்ணை, அவருக்குக் கண் இல்லையே? அவற்ற கடுதாசியையும் நீங்களே வாசிக்கிறியள்?" எல்லாரும் சிரிச்சினம்.

வாசிக்கத் தெரியாதவன் எண்டு தெரிஞ்சா வேலை போயிடும். மூண்டு பிள்ளையள்.

அண்டைக்கே சூப்பர்வைசரிட்டைப் போனன். "சிவா டூ மச் டோக்கிங். மை பேப்பர் டேக்கிங்." எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில அவரைக் காட்டிக் குடுத்தன்.

மகள் டைப் பண்ணுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாக்கிறாள். "அப்பா… சிவா அங்கிள்ல கம்பிளைன்ற் பண்ணினது நீங்களா?"

ஓம் பிள்ளை. எழுது.

எங்களைப் பிரிச்சுப் போட்டினம். அவர் பழைய ஏ கட்டிடத்தில, நான் பார்க்கிங் லொட்டுக்கு அங்கால கண்ணாடிக் கட்டிடத்தில.

மூண்டாம் நாள், நான் ரெண்டாம் மாடியில ஃப்ளோர் மெசினைப் போட்டு ஓட்டுறன், ஒரு ரீச்சர் கத்திக்கொண்டு ஓடி வாறா. உள்ளுக்கை பிள்ளையள் சோதினை எழுதுதுகளாம். அந்தப் பக்கம் போகக் கூடாதெண்டு கடுதாசியில கிடந்ததாம்.

"கண்ணாடியை வீட்டில விட்டிட்டன்" எண்டு சொல்லித் தப்பினன். "நாளைக்குக் கொண்டு வா" எண்டான் சூப்பர்வைசர். கண்ணாடி கொண்டு போய் நான் என்ன செய்ய…

அடுத்த நாள் காலமை நல்ல ஸ்னோ. மூக்குச் சிவக்க வந்து நிக்கிறார் சிவபாதம் அண்ணை. "மொப் ஹெட் முடிஞ்சு போச்சு ஐசே. அங்க ஒரு சாமானும் இல்லை."

மொப் ஹெட் எண்டா தரை துடைக்கிற தடியில மாட்டுற துணித் தும்பு. முழுக் கொலிஜுக்கும் அது வைக்கிற ஸ்ரோர் றூம் அவற்ற ஏ கட்டிடத்திலதான் இருக்கு.

என்ர வண்டிலில கிடந்த கடுதாசியை எடுத்தார். "பாரும் உவன்ர கொழுப்பை…"

அவர் பென்சன் எடுக்கும்வரைக்கும் ஒன்பது வருசம். ஒவ்வொரு காலமையும் அந்தப் பார்க்கிங் லொட்டைக் கடந்து வந்து, திட்டிப்போட்டு, ஒரு மொப் ஹெட்டைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு போவார்.

அவருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் கடுதாசியில இருந்து கண்ணெடுக்காமல் சொன்னார், "எனக்கு வாய் கூடவெண்டு ஆரோ சொல்லிப்போட்டான். பாவம், அவனுக்கு என்ன கஸ்ரமோ." சொல்லிப்போட்டு அடுத்த வரியைத் திட்டத் தொடங்கிட்டார்.

டைப் பண்ணுற இவள் அதே கொலிஜில படிச்சுப் பட்டம் வாங்கின அண்டும் எனக்குப் பக்கத்தில வந்து இருந்தவர். கையில பேர் லிஸ்ற். "இன்னும் பத்துப் பேர் கிடக்கு ஐசே, உவ்வளவு பேரையும் ஏன் கூப்பிடுறாங்கள்… இன்னும் ரெண்டு… எழும்பும், கமெராவை எடும்!"

போன மாசம் நேர்சிங் ஹோமுக்குப் பாக்கப் போனனான். பாரிசவாதம் வந்து பேச்சுப் போயிட்டுது. அந்த வாய்க்கு…

என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. மேசையில கிடந்த ஒரு கடுதாசியை எடுத்தன். "பாருங்கோ அண்ணை உவையின்ர கொழுப்பை, இண்டைக்கும் உப்பில்லாத சூப்பாம்!"

அங்க நிண்ட தமிழ் நேர்ஸ் பிள்ளை சொல்லுது, "அங்கிள், அது எக்சர்சைஸ் ரைம்ரேபிள்."

அண்ணை சிரிச்சார்… ஒரு பக்கத்து வாயால, கண்ணீர் வரச் சிரிச்சார். நல்ல கையால கடுதாசியைத் தட்டினார், இன்னும் வாசி எண்டு.

வாசிச்சன். கோழி வேகேல்லையாம், ரீ ஆறிப் போச்சாம்… அடுத்த வரியா அந்தக் கம்பிளைன்ற் கதையையும் சொல்லிப்போடுவம் எண்டு வாயைத் திறந்தன். குளிக்க வார்க்கிற நேரமெண்டு கதிரையைத் தள்ளிக்கொண்டு போட்டினம். அடுத்த கிழமை வாறன் அண்ணை எண்டன். போகேல்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை. அந்த வரியை இப்ப வாசிச்சு விடுறன்.

பாருங்கோ உவன்ர கொழுப்பை… உங்களில கம்பிளைன்ற் பண்ணினது நான்தானாம். மன்னிக்கட்டாம். அதுவும் இப்ப வந்து.