போலந்துக்குப் போகாதவன்

என் மனைவியின் தம்பி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வெல்டர். போலந்தில் வேலை உறுதி என்று ஏஜெண்ட் சொன்னதும், விசா கைக்கு வருமுன்பே இங்கிருந்த வேலையை விட்டுவிட்டான். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவனைச் சும்மா விடமாட்டார்கள். ஷிப்டு முடிந்ததும் கம்பெனி கேட்டருகே மாலை போட்டு, பிரியாணி வாங்கிக்கொடுத்து வழியனுப்பினார்கள்.

விசா வரவில்லை. ஒருநாள் புதுவாயல் டீக்கடைக்குப் போனவனை, "இன்னாபா, போலந்துல டீ நல்லால்லையா? இங்க வந்துக்கினு கீற?" என்று கேட்டிருக்கிறார்கள். அதன்பிறகு வீட்டைவிட்டு வெளியே போவதையே குறைத்துக்கொண்டான்.

எதையும் அரைகுறையாக அறிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது. அந்த நாட்டைப் பற்றித் தினமும் படித்தேன். அங்கே பிரதமர் ஒரு தரப்பு, ஜனாதிபதி எதிர்த்தரப்பு. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை ஜனாதிபதி தடுக்கலாம், தடுக்கவும் செய்கிறார். ஆனால் கிழக்கு எல்லையைக் காப்பது, ராணுவத்தைப் பெருக்குவது, வெளியாட்களை அளந்து உள்ளே விடுவது ஆகியவற்றில் இருவருக்கும் பெரிய பேதமில்லை. பக்கத்து நாட்டில் போர். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. அவனுக்கு விளக்கத்தான் அலுப்பாக இருந்தது.

"ரெண்டு பேரும் அடிச்சிக்கிறாங்கன்றீங்களே மாமா, அதுல ஒருத்தனாவது நம்மள உள்ள உடமாட்டானா?"

"உன் விஷயத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான்டா."

"நல்லா வந்து வாச்சாங்க பாரு!"

உள்ளேயிருந்து என் மனைவி, "அந்த ஊரு பஞ்சாயத்த உடுங்க. இவன் எப்ப வேலைக்குப் போவான்னு கேளுங்க" என்றாள்.

கடைசியில் விசா மறுக்கப்பட்டது. நானே அவனுடைய பழைய ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன்.

"வரச் சொல்லுங்க சார். ஆனா கான்ட்ராக்ட்லதான். அவன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு."

அதை அவனிடம் சொன்னேன்.

"பிரியாணி துன்னுட்டு வந்தவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மாமா உள்ள போறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கிட்டுத்தான்டா" என்றேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏற மறுத்து, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். கேட்டுக்குக் கொஞ்சம் முன்பே இறங்கிக்கொண்டான். அவன் உள்ளே போகும்வரை நின்றேன். கூட்டத்தில் யாரோ ஏதோ சொல்லிக் கத்தினார்கள், சிரிப்பு எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.