பூரணி தோளில் வைத்துப் பார்த்து வாங்கிய சைக்கிள்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் நஸாரின் கடைக்கு வருகிறவர்கள் சைக்கிளை ஓட்டிப் பார்ப்பார்கள், பிரேக்கை அழுத்திப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாதவர்கள் மணியையாவது அடித்துப் பார்ப்பார்கள். பூரணி தோளில் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

அன்று கடையில் மூன்று சைக்கிள்கள் இருந்தன. மூன்றும் ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கைவிட்டவை. முதலாவதில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் அதிர்வு தாங்குகிற சொக் இருந்தது. இரண்டாவதில் முன்சக்கரத்துக்கு மட்டும். மூன்றாவதில் அப்படி எதுவும் இல்லை. மெல்லிய டயர், ஒல்லியான உடம்பு. அதை மவுண்டன் சைக்கிள் என்று சொல்ல நஸாருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க எப்படி ஓட்டுவீங்க? ஏத்தமா, எறக்கமா, கல்லு ரோடா, தார் ரோடா? அதைப் பொறுத்துத்தான் சைக்கிள்."

"எல்லாத்துலயுந்தான் நானா." முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூரணி மூன்றாவதைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "இதான் லேசா இருக்கு."

"ஓட்டுறதுக்கா கேக்குறீங்க, சொமக்குறதுக்கா?"

அவள் சிரித்தாள். நஸார் பேச்சில் மன்னன், ஆனால் வியாபாரத்தில் மனச்சாட்சி உள்ளவர். பிடிக்காவிட்டால் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பூரணிக்கு வயது இருபத்தெட்டு. தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயத்து வீடு. கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் தையல் ஆலை ஒன்றில் வேலை செய்தவள். ஊரில் எல்லாருக்கும் அது கொழும்புதான். தங்குமிடத்திலிருந்து ஆலைக்குச் சைக்கிளில் போய்வந்து பழக்கம். அங்கே தரை தோசைக்கல் மாதிரி. மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். கணவன் கட்டாருக்குப் போனவன் போனவன்தான். மகள் யாழினியை அக்கா நாகலெட்சுமி வளர்த்தாள். பண்டிகைக்கு வரும்போதெல்லாம் பிள்ளை முதல் நாள் ஒட்டாது, இரண்டாம் நாள் ஒட்டும், மூன்றாம் நாள் பூரணி பஸ் ஏறவேண்டும். இந்த வருடம் யாழினி முதலாம் வகுப்பு. இனிமேல் போக முடியாது என்று பூரணிக்குத் தோன்றிவிட்டது. வயிற்றுப்பாடு வேறு மாதிரி சொன்னது.

அப்போதுதான் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள், வருகிற விருந்தாளிகளைத் தோட்டத்துக்குள் சைக்கிளில் கூட்டிப்போக ஒரு பெண் வழிகாட்டி தேடினார்கள். சொந்த சைக்கிள் இருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம் வேண்டும், வழி தெரிந்திருக்க வேண்டும். வழியில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று பூரணி நம்பினாள். வேலை கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கட்டுநாயக்கா. நடுவில் வேறு எதுவும் இல்லை.

முன்னோட்டம் பார்க்க மேலாளர் கணேசமூர்த்தி இரண்டு நெதர்லாந்து சகோதரிகளை அவளோடு அனுப்பினார். பங்களாவிலிருந்து மேற்பிரிவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

முதல் வளைவு வந்தது. பூரணி இறங்கினாள், சைக்கிளைத் தோளில் போட்டாள், தேயிலைக்குள் நுழைந்தாள்.

தோட்டத்தில் பிறந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. குறுக்கு நேரே ஏறுகிறது. மேலே போவது என்றால் குறுக்கால் போவது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சகோதரிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு, தங்கள் கனமான சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். இரண்டாம் வளைவிலும் குறுக்கு, மூன்றாம் வளைவிலும் குறுக்கு. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூத்த சகோதரி தேயிலைக்கு இடையே வெட்டியிருந்த தண்ணீர்க் கானுக்குள் கால் விட்டு, முழங்காலளவு சேற்றோடு எழுந்தாள்.

கணேசமூர்த்தி வளைவுக்கு வளைவு நின்று காத்திருந்து, பயந்துபோய் மேலே வந்து சேர்ந்தபோது மூவரும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க ஓட்டினீங்க நீங்க?"

"வந்துட்டோமே சேர்."

"வந்துட்டீங்க. ஓட்டலையே."

இறங்கும்போது வேறு வழியில்லாமல் ரோடு. கல் பெயர்ந்த ரோட்டில் மெல்லிய டயர் துள்ளியது. பூரணியின் கைகள் மரத்துப்போயின. சகோதரிகள் சொக் வைத்த சைக்கிளில் சுகமாக இறங்கி, கீழே நின்று தங்கள் வழிகாட்டிக்காகக் காத்திருந்தார்கள். கணேசமூர்த்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சேர், இன்னொரு தடவை பாருங்க."

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கெழம வேற ஆளுங்க வர்றாங்க. வாங்க. ஆனா சைக்கிள்ல வாங்க."

வீட்டில் நாகலெட்சுமி கதையைக் கேட்டுவிட்டுத் தங்கை பக்கமே பேசினாள். "ரோட்டுல சுத்திச் சுத்திப் போறதுக்கு நாம என்ன கொழுந்து லொறியா?"

பூரணிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வயதில் அந்த ரோட்டில் அவள் முழுதாக ஒரு தடவைகூடப் போனதில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்திருக்கிறாள், அவ்வளவுதான். எத்தனையாவது வளைவில் ஏற்றம் கடுமை, எங்கே தண்ணீர் ஓடும், எங்கே மூச்சு வாங்க நிற்கலாம், எதுவும் தெரியாது. வழி தெரியும் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தனியாக, ரோட்டிலேயே, மேலே வரை போனாள். பாதி ஓட்டினாள், பாதி தள்ளினாள். ஒரு வளைவில் நின்று திரும்பினால் பள்ளத்தாக்கு முழுவதும் கடைத்தெருவோடு தெரிந்தது. லயத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதை அவள் பார்த்ததில்லை. நேரே கீழே வந்து நஸாரின் கடை வாசலில் சைக்கிளைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்க," என்றார் நஸார். "எப்படி ஓட்டுவீங்க?"

"ரோட்டுல நானா. ஏத்தமும் இருக்கு, எறக்கமும் இருக்கு. பின்னால வர்றவங்களுக்காக நின்னு நின்னு மறுபடி மிதிக்கணும். கல்லுல கை வலிக்கக்கூடாது."

நஸார் முதலாவதைத் தொடவே இல்லை. "ரெண்டு பக்கமும் சொக் வச்சது எறக்கத்துல ராசா, ஏத்தத்துல உயிரை வாங்கும். தெனம் ஏறுறவங்களுக்கு அது வேணாம்." முன்சக்கரத்துக்கு மட்டும் சொக் வைத்ததை எடுத்து, இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கி, டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டார். கல் ரோட்டுக்கு அதுதான் பிடிக்குமாம். பூரணி அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. நஸார் அதைக் கவனித்தார், சொல்லிக்காட்டவில்லை. அவருக்கு அது பெரிய தியாகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வயதான கணவனும் மனைவியும். பூரணி ரோட்டில் போனாள். மூச்சு வாங்குகிற இடங்களில் நின்றாள்; தண்ணீர் ஓடுகிற இடத்தை முன்பே சொன்னாள். பாதி வழியில் ஒரு சின்னக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. கோயிலில் அறநெறி வகுப்பு முடிந்து பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாழினி.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க. வெரசாப் போயிடலாம்."

மற்றப் பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள். சொந்த லயத்துக்குப் போக ரோட்டைச் சுற்றுகிற மனுஷியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. பூரணியின் கால் மிதியிலிருந்து தானாக இறங்கியது. அந்தக் கணம் குறுக்கில் ஏறி மகளோடு போக அவளுக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. வளைவின் முனையில் கணேசமூர்த்தி மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போம்மா. அம்மா ரோட்டால வர்றேன்."

யாழினி முகம் சுருங்கிப்போய் ஏறினாள். பூரணி காலை எடுத்து மிதியில் வைத்தாள்.

மேலே போய்ச் சேர வெகு நேரமாயிற்று. விருந்தாளிகள் களைத்திருந்தார்கள், ஆனால் சிரித்தார்கள். ஒவ்வொரு வளைவையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டிக்கொண்டார்கள். கணேசமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். "நாளைல இருந்து வாங்க மிஸ்," என்றார்.

லயத்து வாசலில் யாழினி இன்னும் கோபமாக நின்றாள். பூரணி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முன்னால் குந்தினாள்.

"அம்மாவுக்கு வேலை கெடச்சிருச்சு. இங்கயே. இனிமே கொழும்புக்குப் போகல."

பிள்ளை எண்ணிப் பார்க்க விரல்களை விரித்தது.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டது.