ஐந்து மணிக்கு மேல் பிடித்த நெருப்பு

நெருப்பை அணைப்பது சுலபம். அணைத்ததற்குக் கூலி வாங்குவதுதான் தீமிதி. மாதச் சம்பளத்துக்கு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அறுபதுகளில் அந்தமானில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் இருந்தேன். வண்டி ஒன்று, ஆட்கள் ஏழு பேர். கடைசியாகச் சேர்ந்தவன் நான். மர வீடுகள் நிறைந்த ஊர், அடிக்கடி எரியும். எங்கள் ஓவர்டைம் ஊர் நிதியையே விழுங்குகிறது என்று நகராட்சிப் பெரிய கிளார்க் ஒரு சட்டம் போட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிடித்த நெருப்புக்கு மட்டும்தான் ஓவர்டைம். அதற்கும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு அந்த ஃபாரம் என் தலையில் விழுந்தது.

அந்தக் காசுக்காக ரொம்பவும் தவித்தவர் டிரைவர் அந்தோணி அண்ணன். தூத்துக்குடியில் இருக்கும் மனைவியையும், அவர் இன்னும் முகமே பார்க்காத மகளையும் கப்பலில் கூட்டிவர வேண்டும்.

கருகிய அடுக்களை

குட்வில் எஸ்டேட் பகுதியில் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு ஓர் அடுக்களை பற்றிக்கொண்டது. அணைத்தோம். புகை அடங்குவதற்குள் ஃபாரத்தை நீட்டினேன், புத்திசாலி! அந்த வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அரிசிப் பானை போச்சு, அலமாரி போச்சு, உமக்குக் கையெழுத்து கேக்குதா? கரி வேணுங்கிற மட்டும் கிடக்கு. தொட்டுக் கைநாட்டு வைக்கிறேன், வாரும்!"

கொப்பரைக் கிடங்கு

இது நாலே முக்காலுக்கே பற்றித் தொலைத்தது. கால் மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா! அணைத்தபோது ஐந்து மூட்டை கருகியிருந்தது. வியாபாரி ராமநாதபுரத்துக்காரர். எங்கள் சட்டம் அவருக்கும் தெரியும். அந்தோணி அண்ணனின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"தம்பி, நீங்க அஞ்சரைன்னு எழுதிக்கோங்க. நான் இன்ஷூரன்ஸ்காரனுக்கு அம்பது மூட்டைன்னு எழுதிக்கிறேன்."

சௌல்தாரி வைக்கோல்

கொப்பரைக் கிடங்கு ஃபாரத்தை அண்ணனே பிடுங்கிக் கிழித்துப் போட்டார். அடுத்த வாரமே அதற்குப் பலன் கிடைத்துவிட்டதென்று நினைத்தோம். சௌல்தாரியில் வைக்கோல் போர், சரியாக ஆறு மணிக்கு! இரண்டு மணி நேரம் போராடி அணைத்தோம். நிலத்துக்கார வங்காளி கையெழுத்துப் போட்டு, ஒரு வாழைத்தாரையும் வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் பெரிய கிளார்க் ஊர்ப் பெயரைப் படித்ததும் பேனாவை மூடினார்.

"பாய் சாப், சௌல்தாரி நம்ம எல்லைக்கு வெளியில. அங்க எரியிற நெருப்புக்கு நம்ம பட்ஜெட்ல தண்ணி கிடையாது."

ஏழாவது ஆள்

பாவம், பெரிய கிளார்க் கணக்கிலும் நியாயம் இருந்தது. எங்கள் சம்பளம் போக மிச்சத்தில்தான் தெருவிளக்கும் சாக்கடையும் நடக்க வேண்டும். கடைசியில் ஒரு யோசனை சொன்னார்: ஓர் ஆளைக் குறைத்தால் மற்ற ஆறு பேருக்கும் சம்பளம் கூட்டித் தரலாம், யாரென்று நீங்களே எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சேர்ந்தவன் யார்? அடியேன்தான்.

அண்ணன் என்னையே எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'ஏழாவது ஆளாகக் குழாய் பிடிக்கப் பெரிய கிளார்க் ஐயா சம்மதித்தால், ஓர் ஆளைக் குறைக்க எங்களுக்கும் சம்மதம்.' ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. என் வேலை தப்பியது, சம்பளமும் ஏறவில்லை. அந்த மாதக் கப்பலில் அண்ணனின் குடும்பம் வரவில்லை. என்னால்தானே என்று அழுதே விட்டேன்.

"சீ, அழாதலே! பிள்ள அடுத்த கப்பல்ல வருவா. ஒன் சோத்தப் பறிச்சு எடுத்த டிக்கெட்டுல எம் பொண்டாட்டி ஏறுவாளாலே?"

அந்தச் சம்பளத்தில் எங்களில் ஒருவரும் பணக்காரர் ஆகவில்லை, வேலையை விட்டு ஓடவும் இல்லை. ஓடுவதற்கும் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டுமே!